சுழல்வீரனின் இடத்தில் ஒருத்தி

சுன்னாகம்,
18.07.1993

மகள் நேசமலருக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்கிறேன். இருபத்தொரு வருஷமாக நான் சித்திரக்கதையில் கீறிவந்த சுழல்வீரனை, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் அகற்றிவிட்டு, அவனுடைய அங்கியை ஒரு பெண்ணுக்குப் போட்டுவிட்டீர்கள். இடம் கொடுத்தவர் இதழாசிரியர் நவரத்தினம். கீறிக் கொடுத்தவள் என் சொந்த மகள்.

கொழும்பிலிருந்து கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த ஒருவர், உடுப்புப் பையின் அடியில் வைத்து நம் ‘மணிச்சிரல்’ இதழ் ஒன்று கொண்டுவந்தார். ஜூன் இரண்டாம் வாரத்து இதழ். அட்டையில் என் கறுப்பு அங்கி. அங்கிக்குள் பின்னல் போட்ட ஒருத்தி. பெயர் சுழலியாம். முகமூடியும் இல்லை. வெள்ளவத்தை ரயில் பாதையில் நின்று கடலைப் பார்க்கிறாள்.

பெண்ணால் முடியாது என்று சொல்லும் விசரன் அல்ல நான். இங்கே பெண்பிள்ளைகள் துவக்கோடு சைக்கிளில் போவதைத் தினமும் பார்க்கிறேன். உங்களுக்கு ஒரு வீராங்கனை வேண்டுமென்றால் புதுப் பெயர் வையுங்கள், புது உடுப்புத் தையுங்கள், புது எதிரிகளைக் கொடுங்கள். நானே கை தட்டுவேன். ஒருவன் பாடுபட்டு எடுத்த பெயரை இன்னொருத்திக்கு மாட்டிவிடுவது வீரம் அல்ல, இரவல்.

எழுபதுகளில் இந்தியப் புத்தகங்கள் வருவது குறைந்தபோது, புறக்கோட்டையில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த என்னைத் தேடி நவரத்தினம் வந்தார். எனக்குப் படம் கீறப் படிப்பித்தவர் எவரும் இல்லை. மூட்டை தூக்குகிறவர்களின் முதுகைப் பார்த்து, சதை எங்கே திரளும் என்று நானே அறிந்துகொண்டேன். ஆளை முன்னால் நிறுத்தாமல் ஒரு கோடும் போடாதே என்பது நானே எனக்கு வைத்த சட்டம். நம் வீட்டிலும் அதுதான் சட்டம். உன் தம்பி வாகீசன் ஏழு வயதிலிருந்து மேசைமேல் ஏறி, போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு நின்றவன். அவன் வளர வளரச் சுழல்வீரனின் தோளும் அகன்றது.

அண்ணரின் செத்தவீட்டுக்கு ஐந்து நாள் என்று வந்தவன், சண்டையில் பாதை மூடியதால் மூன்று வருஷமாக இங்கே கிடக்கிறேன். படுக்கையிலிருக்கும் அண்ணியை விட்டு வரவும் முடியாது. அப்படியிருந்தும் கதை நிற்கவில்லை. நான் பென்சிலில் கீறி அனுப்ப, நீ தம்பியை நிறுத்திப் பார்த்து மையிட்டு முடித்தாய். மார்ச்சில் எட்டு வாரத்துக்குப் படம் அனுப்பினேனே, அவை எங்கே?

எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும். வாகீசனை இரண்டு வரி எழுதச் சொல்லு.

அப்பா
தில்லைநாதன்


வெள்ளவத்தை,
24.08.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு தணிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் முந்தநாள்தான் கிடைத்தது. உறையைப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். உங்கள் கோபத்தை எனக்கு முன் யாரோ வாசித்திருக்கிறார்கள்.

கேட்காமல் செய்தது பிழை. ஒத்துக்கொள்கிறேன். கேட்டுப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். இதழ் வாரம் தவறாமல் வரவேண்டும். நீங்கள் அனுப்பிய எட்டு வாரப் படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின்மேல் மையிட என்னால் முடியவில்லை.

உங்கள் கடிதத்தைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். அச்சகத்துக்குள் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. படங்களுக்கு அச்சுப் பிளேட் செய்யும் ஹியூபேட் அண்ணன் வாளியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

“உன்ர அப்பா வந்தால் முதல் வெட்டு எனக்குத்தான், நேசம். ஹியூபேட் பிளேட் மட்டும்தான் செய்தவன் எண்டு எழுது.”

“அவர் வெட்டமாட்டார் ஐசே. பிழை திருத்துவார். வெட்டினால் ஒருக்காத்தான் நோகும்,” என்றார் நவரத்தினம் மாமா.

ஹியூபேட் அண்ணனின் மகள் மேசை விரிப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிவிட்டாள். “சுழல்வீரன் இருபது வருஷம் குதிச்சும் இவள் குதிக்கேல்லை. உன்ர சுழலி வந்து ரெண்டு மாசத்தில குதிச்சிட்டாள். இப்ப ஆர் இவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போறது?” என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அமெரிக்காவிலிருக்கும் அவருடைய தமையன் மகன் எழுதியிருக்கிறானாம், அங்கேயும் சித்திரக்கதைகளில் ஆண்களின் அங்கியைப் பெண்களுக்குக் கொடுக்கிறார்களாம், பழைய வாசகர்கள் விடாமல் சண்டை பிடிக்கிறார்களாம். “அங்க எத்தினை தில்லைநாதன் இருக்கினமோ,” என்றார்.

சந்தியில் புத்தகம் விற்கும் ராசிக் நானாவும் கணக்குச் சொல்கிறார். “முந்தி பொடியன்மார் மட்டும்தான் வாங்கினாங்க தங்கச்சி. இப்ப பொம்புளப் புள்ளைகள் நிண்டு கேட்டு வாங்குதுகள்.”

இவ்வளவுதான் புதினம். வீடு இருந்தபடியே இருக்கிறது. கடல்காற்றுக்கு ஜன்னல் கொளுக்கி துருப்பிடித்துவிட்டது. இப்போது காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்க நானே போகிறேன். நன்றாக விடிந்த பிறகுதான் போவேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்
நேசமலர்


சுன்னாகம்,
22.09.1993

நவரத்தினம் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாயிருந்தால்தான் நான் சொல்வதைத் தாங்கலாம்.

மகள் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டு எழுதியிருக்கிறாள். நான் அதை ஏற்கவில்லை. ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் ஒரு கட்டமும் அச்சேறாது. சுழல்வீரன் எங்கே? எந்தச் சண்டையில் தோற்றான்? வயது போய்விட்டதென்றால் ஓய்வு கொடுங்கள். செத்துவிட்டான் என்றால் செத்தவீடு செய்யுங்கள். ஒரு விளக்கமும் இல்லாமல் ஆளை மறைத்துவிட்டு, அவனுடைய இடத்தில் இன்னொருத்தியை நிறுத்துவது என்ன நியாயம்?

முகமூடியைக் கழற்றியது அதிலும் பெரிய குற்றம். முகம் தெரியாததால்தான் ஒவ்வொரு பொடியனும் சுழல்வீரன் தான்தான் என்று எண்ணி வாசித்தான். உங்கள் சுழலிக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தில் ஒருத்திதான் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். மகளின் கடிதத்தில் ஹியூபேட்டின் பிள்ளையின் கணுக்கால்வரை இருக்கிறது. வாகீசனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் உங்கள் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன்தானே. அப்பனோடு என்ன கோபம் என்று கேட்டு எழுதவும்.

தி. தில்லைநாதன்


கொட்டாஞ்சேனை,
19.10.1993

மதிப்புக்குரிய தில்லைநாதன் அண்ணைக்கு,

உங்கள் உடம்பும் அண்ணியாரின் உடம்பும் தேறியிருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் வேலை செய்கிறோம், சாப்பிடுகிறோம்.

முகமூடியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு மாணவி இதழுக்கு எழுதிய கடிதத்தை அப்படியே தருகிறேன்: “சுழல்வீரன் மாமாவை முகமூடி இல்லாமல் கீறுங்கோ. எங்கட ஒழுங்கைக்கு ஒரு முகமூடி வந்தவர். அவர் தலையாட்டினவுடன் சித்தப்பாவை ஏத்திக்கொண்டு போட்டினம்.”

நீங்கள் இங்கே இருந்த காலத்தில் இது இவ்வளவு இல்லை. இப்போது சுற்றிவளைப்பு என்றால் ஆமிக்காரர் ஆண்களைச் சந்தியில் வரிசையாக நிறுத்துகிறார்கள். ஜீப்புக்குள் தலை முழுதும் துணியால் மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் ஆள் போய்விடும். நீங்கள் கீறிய முகமூடிக்கும் அதே இரண்டு ஓட்டை. அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகள் அதை அட்டையில் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

சுழல்வீரன் எங்கே என்று கேட்டீர்கள். வாசகர்களும் அதையே கேட்கிறார்கள். இருநூறு கடிதத்துக்கு மேல் வந்துவிட்டது. நேசமலர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறாள். “இதை நீ வாசிச்சு என்ன செய்யப் போறாய் பிள்ளை?” என்று கேட்டேன். “வேற ஆக்களும் கேக்கினம் எண்டு பாக்கத்தான் மாமா,” என்றாள்.

வாகீசன் மே மாதத்திலிருந்து அச்சகத்துக்கு வருவதில்லை. அதை உங்களுக்கு எழுத வேண்டியவள் உங்கள் மகள். நான் முந்திக்கொள்வது முறையல்ல.

என்றும் மாறாத,
நவரத்தினம்


சுன்னாகம்,
16.11.1993

மகள் நேசமலருக்கு,

நவரத்தினத்தின் கடிதம் வந்தது. முகமூடியைப் பற்றி அவர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் அதைப் பிள்ளைகளுக்காகக் கீறினேன். இதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆசிரியையிடம் மே கடைசியிலிருந்து ஐந்து இதழ் கிடைத்தது. மண்ணெண்ணெய் இல்லாதபடியால் பகலிலேயே வாசித்து முடித்தேன்.

முதல் இதழில் சுழல்வீரன் அங்கியையும் முகமூடியையும் கொளுக்கியில் கொளுவிவிட்டு, சாதாரண சேட்டோடு பாண் வாங்கப் போகிறான். திரும்பி வரவில்லை. அவனுடைய தமக்கை ஒரு கிழமை பார்த்திருந்துவிட்டு அங்கியை எடுத்துப் போடுகிறாள். முகமூடியை அதே கொளுக்கியில் விட்டுவிடுகிறாள். கதை என்று பார்த்தால் இது கதையே அல்ல. எதிரி யார் என்று இல்லை. சண்டை இல்லை. பாண் வாங்கப் போனவனைக் கொண்டுபோவதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் ஒருவனைக் காணாமற் போக்கினால் எந்த வாசகன் பொறுப்பான் என்று ஓரத்தில் குறித்தேன்.

பிறகு உன் கோடுகளைப் பார்த்தேன். கை நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனால் சுழலி தடியை இடக்கையில் பிடிக்கிறாள். கதவை இடக்கையால் தள்ளுகிறாள். சட்டைப் பொத்தான் மறுபக்கம். ஐந்து இதழிலும் இதே பிழை. இடக்கைக்காரி என்று கதையில் எங்கேயும் இல்லை. அரை மணி நேரம் யோசித்த பிறகு விளங்கியது. நீ ஆளை நிறுத்திக் கீறவில்லை. அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நீயே நின்று, தெரிந்ததைத் தெரிந்தபடி கீறியிருக்கிறாய்.

போர்வை கட்டி நிற்கப் பழகிய ஒருவன் அந்த வீட்டில் இருக்க, நீ ஏன் கண்ணாடிக்கு முன் நின்றாய்?

ஓரத்தில் எழுதிய குறிப்பை அழித்துவிட்டேன். வாகீசன் எங்கே?

எனக்குச் சுகம். அதைப் பற்றி யோசித்து எதையும் மறைக்காதே.

அப்பா


சுன்னாகம்,
14.12.1993

மகளுக்கு,

பதில் இல்லை. தபால் கொண்டுவரும் கப்பல் வந்து போய்விட்டது. தபாற்கந்தோரில் இருக்கிறவர் என்னைக் கண்டதும், “ஐயா, உங்களுக்கு இண்டைக்கும் ஒண்டும் இல்லை,” என்று எழும்பி நின்று சொல்கிறார். ஒன்றுமில்லாததற்கு எழும்பி நிற்பானேன்.

காலையில் நம் வீட்டுப் படியில் ஏறும் சத்தம் எனக்கு இங்கேயே கேட்கிறது. அவன் எப்போதும் மூன்றாம் படியைத் தாண்டித்தான் மிதிப்பான். கடற்கரை ரயில் போகும்போது மேசை அதிரும். “ஆடாமல் நில்லடா” என்று நான் ஏசுவேன். “நான் இல்லை அப்பா, ரயில்” என்பான். இன்றைக்கு அவன் எவ்வளவு ஆடினாலும் பரவாயில்லை.

சுழல்வீரனின் பெயரை நான் இனிக் கேட்கவில்லை. வாகீசனைப் பற்றி ஒரு வரி எழுது.

அப்பா


வெள்ளவத்தை,
27.12.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஊருக்குத் திரும்பும் ஒரு அம்மா கொண்டுவருவார். இதை இருந்துகொண்டு வாசியுங்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

மே தினக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மூன்றாம் கிழமை. காலை ஆறு மணி. தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்திருந்தேன்.

“சீனி இருக்கோ அக்கா?” என்று கேட்டான் தம்பி.

“இருக்கு. நீ பாணை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடி வா.”

“ஓடிறதுக்குச் சுழல்வீரனைக் கூப்பிடு. நான் நடந்துதான் வருவன்.”

கடை இரண்டு நிமிஷத் தூரம்தானே. அடையாள அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

ராசிக் நானா தன் கடைப் பலகையைத் திறந்துகொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கண்டவர். “தங்கச்சி, அந்த மூடினவன் தம்பிக்குத் தலை ஆட்டல்ல. பக்கத்தில நிண்ட பொடியனுக்குத்தான் ஆட்டினான். இவன்ட கையில கார்ட் இல்ல. ரெண்டு பேரையும் ஏத்திட்டாங்க,” என்றார்.

பதினொரு நாள் கழித்துத் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் அவன் பெயர் இருக்கிறது என்று அறிந்தேன். ஒருமுறை பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். மெலிந்திருந்தான். “அப்பாவுக்கு எழுதாதே அக்கா. படகு ஏறி வந்திடுவார். படகுகளுக்குச் சுடுற அந்தக் கடலால அவர் வரக்கூடாது,” என்றான். அதற்காகத்தான் எழுதவில்லை. செப்டெம்பரில் மறுபடி போனேன். ஆள் இல்லை. “மாறு கறலா,” மாற்றிவிட்டோம் என்று சிங்களத்தில் சொன்னார் ஒருவர். எங்கே என்று கேட்டேன். “தன்னே நே,” தெரியாதாம். மற்றவரிடம் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். பொரளையில் ஒரு சட்டத்தரணி மனு எழுதித் தந்தார். அதற்குப் பிறகு ஒரு பதிலும் இல்லை.

தம்பியைக் கொண்டுபோன நான்காம் நாள், இதழுக்குப் படம் கொடுக்க வேண்டிய நாள். நீங்கள் பென்சிலில் கீறிய தாளை விரித்தேன். சுழல்வீரன் அந்த இரண்டு ஓட்டையால் என்னைப் பார்த்தான். தூரிகை ஓடவில்லை. தம்பி கட்டும் போர்வையை எடுத்துக் கட்டினேன். நிறுத்த ஆளில்லை, கண்ணாடிக்கு முன் போய் நின்றேன். நடந்ததையே கீறினேன். வேறு கதை எனக்கு வரவில்லை.

நீங்கள் அதை இரவல் என்றீர்கள். சரி அப்பா, இரவல்தான். சுழல்வீரன் வராமல் அந்த அங்கி கொளுக்கியில் தொங்குவதை வாரத்துக்கு வாரம் என்னால் கீற முடியாது. யாராவது அதைப் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தேட வேண்டும். வீட்டில் நான்தான் இருந்தேன்.

உங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேசமலர்


சுன்னாகம்,
20.01.1994

மகள் நேசமலருக்கு,

கடிதம் கிடைத்தது. இருந்துகொண்டுதான் வாசித்தேன். தண்ணீர் தேவைப்படவில்லை.

ஏழு மாதம் என்னிடம் சொல்லாதது பிழை. அவன் சொன்னாலும் பிழை. அதை நான் மன்னிக்கவில்லை. அவனுக்காக அலைய வேண்டிய ஏழு மாதமும் நான் ஒரு பெயருக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சுழலியை நான் ஏற்றுக்கொண்டேன் என்றும் நினைக்காதே. அங்கி அவனுடையது. அவள் அவன் வரும்வரை அதைப் போட்டிருக்கிறாள். அவன் இல்லை என்று எந்தக் கட்டத்திலும் ஒரு எழுத்தும் வரக்கூடாது. வந்த அன்றைக்கே அவள் அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதுவரை அவள் நிற்கலாம். அவள் நிற்பதை எவராவது குறை சொன்னால் என் பெயரைச் சொல்லு.

இனிச் செய்ய வேண்டியவை:

நவரத்தினம், வாகீசன் புரூப் பார்த்த நாட்களையெல்லாம் இதழின் கடிதத் தாளில் எழுதி, முத்திரை குத்தி உன்னிடம் தர வேண்டும். வாசகர் கடிதங்களைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் வாரத்துக்கு ஒன்றாவது அச்சிட வேண்டும்.

ஹியூபேட், என் பழைய முகமூடி பிளேட் எல்லாவற்றையும் உருக்கிவிட வேண்டும். நல்ல நாகத் தகடு வீணாகிறது என்று முணுமுணுப்பான். கேளாதே. அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பெருப்பித்து இருபது பிரதி எடுத்துத் தருவதும் அவன் வேலை.

ராசிக் கண்டதைச் சட்டத்தரணிக்கு முன் சொல்ல வேண்டும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயம் என்றால் வற்புறுத்தாதே. ஆனால் பக்கத்தில் நின்ற அந்தப் பொடியன் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவனுடைய தாயைத் தேடிப் பிடி. இரண்டு பேராகப் போனால் வாசலில் நிற்கிறவன் ஒருக்கா யோசிப்பான்.

சட்டத்தரணி, மாற்றிவிட்டோம் என்று வாயால் சொன்னதை எழுத்தில் வாங்க வேண்டும். எந்தத் திகதி, எங்கே, யார் கையெழுத்து. மூன்றும் இல்லாத தாளை வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

நீ கிழமைக்கு ஒருநாள் அந்த முகாமுக்குப் போக வேண்டும். தெரியாது என்றாலும் அடுத்த கிழமை போக வேண்டும். கதையிலும் சுழலி வாரத்துக்கு ஒரு கதவைத் தட்ட வேண்டும். கதவு திறக்காவிட்டாலும் வாரம் தவறக்கூடாது. உன் சுகத்தை இந்த முறை நான் விசாரிக்கவில்லை. சுகமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அண்ணியை முன்வீட்டு இரத்தினம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டா. நான் நாளைக்கு ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நான் திரும்பி வருவேன் என்று பிணை நிற்க ஆள் பிடிக்க வேண்டும். பிறகு கிளாலியால் வர வேண்டும். வரக்கூடாது என்று அவன் சொன்னதை வாசித்தேன். அப்பனுக்குக் கட்டளை போட அவனுக்கு வயது போதாது.

கடைசியாக வாகீசன். இதை அவனிடம் சேர்க்க வேண்டியது உன் பொறுப்பு. எந்த முகாம், எந்த வாசல் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு அவன் மாறாமல் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். கொடுப்பது எதுவானாலும் சாப்பிட வேண்டும். நான் வந்து சேரும்வரை அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

அப்பா